ஒரே அரங்கில் ஆயிரம் போன்கள்: கூட்டத்துக்கு வைஃபை அமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி லேப் பொறுப்பாளர், மண்டப மேலாளர், மாநாடு நடத்துபவர் என்று யார் வந்தாலும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். கணக்குக்கு வசதியாக ஓர் அரங்கை வைத்துக்கொள்வோம்: 800 இருக்கைகள், நடுவில் சுவர் இல்லாத ஒரே கூடம், ஒரு மேடை, பின்பக்கம் இரண்டு வாசல். வைஃபை அலையைப் பரப்பும் பெட்டியான ஆக்சஸ் பாயின்டை எல்லா இடத்திலும் ஏ.பி. என்றே குறிப்பிடுகிறேன்.

1. ஹால்ல 800 பேர் உக்காருவாங்க. விலை ஜாஸ்தியானாலும் பரவாயில்ல, நல்ல ரவுட்டரா ஒண்ணு சொல்லுங்க. அது போதும்ல?

போதாது. பெட்டியின் விலைக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. ஒரு வைஃபை சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். கூட்டத்தில் ஒரே மைக்கைக் கைமாற்றிப் பேசுவது மாதிரி. நூறு போன்கள் ஒரே சேனலில் இருந்தால் ஒவ்வொன்றும் காற்று சும்மா இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து, காத்திருந்து, தன் முறைக்கு அனுப்பும். இரண்டு போன்கள் ஒரே கணத்தில் பேசிவிட்டால் இரண்டுமே வீண். மறுபடி அனுப்ப வேண்டும்.

பெட்டியின் அட்டையில் “512 பயனர்கள்” என்று போட்டிருப்பார்கள். அத்தனை கருவிகள் இணைந்து நிற்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். அத்தனையும் வேலை செய்யும் என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை.

2. போன்ல ஃபுல் சிக்னல் காட்டுது. ஆனா ஒரு பேஜ்கூட திறக்கல. ஏன்?

அந்தக் கோடுகள் ஏ.பி.யின் குரல் உங்கள் போனுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. உங்கள் முறை எப்போது வரும் என்பதை அவை காட்டுவதில்லை. கூட்ட அரங்கில் சிக்னல் குறைவது அபூர்வம். தீர்ந்துபோவது காற்று நேரம்.

ஆகவே கோடுகளை விட்டுவிட்டு, ஏ.பி.யின் நிர்வாகப் பக்கத்தில் ‘சேனல் பயன்பாடு’ என்று ஒரு சதவீதம் இருக்கும், அதைப் பாருங்கள். பாதியைத் தாண்டினால் பயனர்கள் முணுமுணுப்பார்கள். எண்பதைத் தாண்டினால் உங்களைத் தேடி வருவார்கள்.

3. அப்போ எத்தனை ஏ.பி. வேணும்? நேரா ஒரு நம்பர் சொல்லுங்க.

800 பேர் என்றால் போன், லேப்டாப், வாட்ச் எல்லாம் சேர்த்து 1,000 கருவிகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் அவற்றில் பாதி ஏதாவது செய்துகொண்டிருக்கும்: 500. ஒவ்வொன்றுக்கும் 1 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு ஒரு மெகாபிட்) வைத்தால் மொத்தம் 500 எம்.பி.பி.எஸ்.

20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில், சாதாரண வைஃபை 5 போனின் உச்ச வேகம் 173 எம்.பி.பி.எஸ். என்று ஏட்டில் இருக்கும். கூட்டத்தில் பழைய போன், புதிய போன், காத்திருப்பு, மறு அனுப்பல் எல்லாம் போக, அந்தச் சேனல் மொத்தத்துக்கும் 50 கிடைத்தால் நான் திருப்திப்படுவேன். 500-ஐ 50-ஆல் வகுத்தால் 10. ஆகவே வைஃபையின் இரு வழக்கமான அலைவரிசைகளான 2.4, 5 கிகாஹெர்ட்ஸில், 5-இல் 10 ஏ.பி., பத்தும் பத்து வெவ்வேறு சேனலில். ஓர் ஏ.பி.க்கு மும்முரமாக இயங்கும் கருவிகள் 50. இது நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு.

நம் ஊரில் மொபைல் டேட்டா மலிவு என்பதால் பலர் வைஃபை பக்கமே வரமாட்டார்கள். அப்போது இந்தக் கணக்கு தாராளமாகவே இருக்கும். ஆனால் கூட்டத்தில் டவர் திணற ஆரம்பித்த நிமிடம் அத்தனை பேரும் வைஃபைக்கு வருவார்கள். கணக்கைப் போடவேண்டியது அந்த நிமிடத்துக்குத்தான்.

4. பத்துக்குப் பதிலா இருபது போட்டா இன்னும் நல்லா இருக்காதா?

புதுச் சேனல் இருந்தால் நல்லது. இல்லாமல் இரண்டு ஏ.பி.யை ஒரே சேனலில் ஒரே கூடத்தில் வைத்தால், இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு மாறி மாறிக் காத்திருக்கும். பெட்டி இரண்டு, கொள்ளளவு ஒன்று. அதற்கும் மேலே இரண்டின் அறிவிப்புச் செய்திகளும் அதே காற்றைத் தின்னும். அரங்கு வைஃபையில் நீங்கள் பங்கு போடுவது சேனல்களை, ஏ.பி. அதற்கான கருவி மட்டுமே. விற்பனைப் பிரதிநிதி இதைச் சொல்லமாட்டார்.

இந்தியாவில் 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தார்கள். அதில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இருபதுக்கு மேற்பட்ட சேனல்கள் கிடைக்கின்றன. சேனல் எண் 36 முதல் 48 வரை நான்கு (36, 40, 44, 48), 149 முதல் 165 வரை ஐந்து, ஆக ஒன்பது சேனல்கள் தொல்லையில்லாதவை. இடையில் இருப்பவை ரேடார்களும் பயன்படுத்தும் பகுதி. அங்கே ஏ.பி. முதலில் ஒரு நிமிடம் காதைத் தீட்டிக் கேட்டபிறகுதான் பேசத் தொடங்கும். ரேடார் போல ஏதாவது கேட்டால் உடனே சேனலை விட்டு விலகி, அரை மணி நேரம் அந்தப் பக்கம் திரும்பாது. விமான நிலையம், துறைமுகம் அருகே இருக்கும் அரங்குகளில் இதை முன்கூட்டியே ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

5. வீட்டுல 80 மெகாஹெர்ட்ஸ் வெச்சா ஸ்பீடு பறக்குது. நீங்க மட்டும் ஏன் 20-லயே நிக்கறீங்க?

வீட்டில் உங்களிடம் ஒரு ஏ.பி., ஐந்து கருவிகள். அரங்கில் 80 வைத்தால் நான்கு சேனல்களை ஒன்றாக ஒட்டிவிடுகிறீர்கள். மொத்தம் ஆறு தனிச் சேனல்கள்தான் மிஞ்சும், அதிலும் ரேடார் தொல்லை இல்லாதவை இரண்டே. ஒருவருக்கு 300 எம்.பி.பி.எஸ். காட்டி மீதிப் பேரை வரிசையில் நிறுத்துவதைவிட, எல்லோருக்கும் ஒன்றிரண்டு கிடைப்பது மேல். வேகச் சோதனை ஆப் வைத்து மதிப்பெண் போடும் கல்லூரி முதல்வர் இருந்தால் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

6. 2.4 கிகாஹெர்ட்ஸை அணைச்சுடலாமா?

பெரும்பாலும் ஆம். அங்கே ஒன்றன் மேல் ஒன்று விழாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. புளூடூத், மலிவு விலை வயர்லெஸ் காலர் மைக் சில, பக்கத்துக் கட்டடத்து ரவுட்டர் எல்லாம் அதில்தான் குடியிருக்கின்றன. பத்து ஏ.பி.யில் ஏழில் 2.4-ஐ அணைத்துவிட்டு, மூன்றில் மட்டும் ஆளுக்கொரு சேனலாக விடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாத பழைய போன்கள் அதில் ஒதுங்கிக்கொள்ளும்.

7. பவரைக் கூட்டி வெச்சா எல்லாருக்கும் நல்லா கேட்கும்ல?

ஏ.பி. கத்துவது போனுக்குக் கேட்கும். போன் பதில் சொல்வது ஏ.பி.க்குக் கேட்க வேண்டாமா? போனின் ஆன்டெனா சிறியது, பேட்டரியும் சிறியது. அதன் சக்தி ஏ.பி.யின் உச்சத்தைவிடக் குறைவு. கூடத்துக்குள் 10 முதல் 14 டி.பி.எம். (அலையின் சக்தியை அளக்கும் அலகு) போதும். பவரைக் குறைப்பதால் இன்னொரு பலனும் உண்டு, அது கேள்வி 14-இல் வருகிறது.

8. எங்க மாட்டறது? நாலு மூலையிலயா, மேலயா?

சீலிங் 4 முதல் 6 மீட்டர் உயரம் என்றால் சாதாரண ஏ.பி.யை இருக்கைகளுக்கு மேலே பரவலாக மாட்டலாம். பக்கத்துப் பக்கத்து ஏ.பி.க்களுக்கு அடுத்தடுத்த சேனல் கொடுக்காதீர்கள். 36-க்குப் பக்கத்தில் 149 இருக்கட்டும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, ஏ.சி. டக்டுக்குப் பக்கத்தில் ஒளித்து வைக்கச் சொல்வார் இன்டீரியர்காரர். சம்மதிக்காதீர்கள். தகரம் அலையைத் திருப்பி அடிக்கும்.

உயரம் 8, 10 மீட்டருக்கு மேல் போனால் எல்லாப் பக்கமும் பரப்பும் ஆன்டெனா வீண். கீழ்நோக்கி ஒரு பகுதியை மட்டும் பார்க்கும் திசை ஆன்டெனா வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் அதனால்தான் மிகப் பெரிய கூடத்தில் ஒரே சேனலை இரு முனைகளில் மறுபடி பயன்படுத்த ஓரளவு வழி பிறக்கிறது. விளையாட்டு அரங்குகளில் இருக்கைக்கு அடியில் வைக்கிறார்கள். சுற்றி உட்கார்ந்திருக்கும் உடம்புகளே அலையைத் தடுத்து எல்லை போட்டுவிடும். நம் மண்டபங்களில் நாற்காலி நகரும், தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். அதனால் அந்த யோசனை இங்கே வேண்டாம்.

9. முந்தின நாள் ராத்திரி டெஸ்ட் பண்ணினோம், சூப்பரா இருந்துச்சு. கூட்டம் வந்ததும் படுத்துடுச்சு. என்ன மாயம்?

மாயமில்லை. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அது அலையை உறிஞ்சும். போனுக்கும் ஏ.பி.க்கும் நடுவே ஓர் ஆள் நின்றால் 3 முதல் 5 டெசிபெல் போய்விடும், அதாவது சக்தியில் பாதியோ அதற்கு மேலோ. பக்கச் சுவரில் தோள் உயரத்தில் மாட்டியவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். மேலிருந்து கீழே பார்க்கும் ஏ.பி.க்கு இடையில் தலைகள் குறைவு.

காலிக் கூடத்தில் அளக்கும்போது எல்லா இருக்கையிலும் மைனஸ் 60 டி.பி.எம். அளவில் வரட்டும்; கூட்டம் வந்தபின் மைனஸ் 67 பக்கத்தில் நிற்கும் (மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் குறைவு). ஆனால் கேள்வி 2-இல் சொன்ன காற்று நேரத்தை எந்தக் காலிக் கூடமும் காட்டாது. பெரிய நாளுக்கு முன் நூறு மாணவர்களையாவது உட்கார வைத்து, ஒரே நேரத்தில் வீடியோ ஓடவிட்டுப் பாருங்கள்.

10. வி.ஐ.பி., பிரஸ், ஸ்டூடன்ட், ஸ்டாஃப், கெஸ்ட்னு அஞ்சு பேர்ல வைஃபை வேணும்னு சேர்மன் கேக்கறார். குடுக்கலாமா?

பெயருக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு ஏ.பி.யும் ஒவ்வொரு பெயருக்கும் நொடிக்கு ஏறக்குறைய பத்து முறை “நான் இங்கே இருக்கிறேன்” என்று அறிவிக்கும், அதுவும் அமைப்பில் உள்ள மிகக் குறைந்த வேகத்தில். 2.4-இல் அந்தக் குறைந்த வேகம் 1 எம்.பி.பி.எஸ். என்று இருந்தால், 300 பைட் அறிவிப்பு ஒன்றுக்கு 2.6 மில்லிநொடி. ஒரு பெயர் காற்றில் சுமார் 2.5 சதவீதத்தைத் தின்னும். ஐந்து பெயர், அதே சேனலில் காதில் விழும் மூன்று ஏ.பி. என்றால் ஒருவர்கூட இணையம் திறக்கும் முன்பே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று.

இரண்டு பெயர் போதும். கூடவே 1, 2, 5.5, 11 ஆகிய பழைய வேகங்களை அணைத்து, குறைந்தபட்ச வேகத்தை 12 அல்லது 24 என்று வையுங்கள். 24-இல் அதே அறிவிப்பு 0.12 மில்லிநொடிதான். பைசா செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இது. வி.ஐ.பி. என்று தனிப் பெயர் கொடுப்பதால் தனிக் காற்று கிடைத்துவிடாது என்பதையும் சேர்மனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

11. பேரை ஹைட் பண்ணி வெச்சா அந்த லோடு குறையும்ல?

குறையாது. பெயர் இருக்கும் இடம் காலியாக அதே அறிவிப்பு அதே வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கும். அந்த வைஃபையில் ஒருமுறை இணைந்த போன்கள் எங்கே போனாலும் அதன் பெயரைக் கேட்டுக் கூவும். பாதுகாப்பும் இல்லை, லாபமும் இல்லை.

12. கனெக்ட் ஆகுது, ஆனா “ஐ.பி. கிடைக்கவில்லை”ன்னு சுத்திக்கிட்டே இருக்கு.

முகவரி தீர்ந்துவிட்டது. சாதாரண அமைப்பில் முகவரித் தொகுப்பு (சப்நெட்) /24 அளவு, 254 முகவரிகள்தான்; சாய்கோட்டுக்குப் பின் எண் குறையக் குறையத் தொகுப்பு பெரிது. 255-ஆவது போன் வாசலில் நிற்கும். 1,000 கருவிகளுக்கு /22 போட்டால் 1,022 கிடைக்கும், அது விளிம்பு. /21 போட்டு 2,046 வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முகவரி ஒரு போனிடம் இருக்கும் குத்தகைக் காலம் 24 மணி நேரமாக இருந்தால் காலை அமர்வுக்கு வந்து போனவர்களும் மாலைவரை இடத்தைப் பிடித்திருப்பார்கள். ஒரு மணி நேரமாகக் குறையுங்கள். ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 காலத்திலிருந்து போன்கள் தம் உண்மை அடையாள எண்ணை மறைத்து மாற்று எண் கொடுக்கின்றன; ஒரே போன் இரண்டு முகவரி எடுக்கவும் கூடும்.

சப்நெட்டைப் பெரிதாக்கினால் ஒன்று செய்தே ஆக வேண்டும்: போனும் போனும் நேரடியாகப் பேசாதபடி ‘கிளையன்ட் ஐசொலேஷன்’ போடுங்கள். இல்லாவிட்டால் ஒருவருடைய லேப்டாப் பிரிண்டர் தேடுவது மற்ற 999 பேருக்கும் ஒலிபரப்பாகும்.

13. லாகின் பேஜ்ல ஓ.டி.பி. வைக்கணும்ங்கறாங்க. ஆனா ஓ.டி.பி.யே வரமாட்டேங்குது!

பொது இடத்து வைஃபையில் யார் பயன்படுத்துகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும் என 2009-லேயே தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. மொபைல் எண்ணும் ஓ.டி.பி.யும் அப்படி வந்த பழக்கம். சிக்கல் எங்கே என்றால், டவர் நெரிசலில் வேலை செய்யவில்லை என்றுதான் வைஃபைக்கு வருகிறார்கள். ஓ.டி.பி. வரவேண்டியதோ அதே டவர் வழியாக. பதிவு மேசையிலேயே சரிபார்த்து, அடையாள அட்டையில் தனிக் குறியீடு அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள். உள்ளே உட்கார்ந்து 800 பேர் ஒரே நேரத்தில் எஸ்.எம்.எஸ்.ஸுக்குக் காத்திருக்கும் நிலையே வராது.

14. வாசல் ஏ.பி.ல 180 பேர், மேடைப் பக்க ஏ.பி.ல 12 பேர். ஏன் பிரிஞ்சு போகமாட்டேங்கறாங்க?

எந்த ஏ.பி.யுடன் இணைவது என்பதை முடிவு செய்வது போன். உள்ளே நுழையும்போது முதலில் கேட்டது வாசல் ஏ.பி.; அதைப் பிடித்துக்கொள்ளும். ஐபோன் தன் சிக்னல் மைனஸ் 70 டி.பி.எம்.முக்குக் கீழே போனால்தான் வேறு தேடும் என்று ஆப்பிளே சொல்கிறது. ஒரே கூடத்தில் அந்த அளவுக்கு எங்கே குறையப்போகிறது? மேடை முன்வரிசையில் உட்கார்ந்தும் வாசலோடுதான் பேசிக்கொண்டிருக்கும்.

கேள்வி 7-இல் சொன்ன குறைந்த பவரும், கேள்வி 10-இல் சொன்ன குறைந்தபட்ச வேகமும் இங்கே கைகொடுக்கும், தூரத்து ஏ.பி. வசதிப்படாமல் போன் தானே நகரும். ஏ.பி.யில் 802.11கே, 802.11வி இரண்டையும் இயக்குங்கள்; வேறு ஏ.பி.க்கு நகர அவை போனுக்கு வழிகாட்டும். வாசல் ஏ.பி.க்கு 70 என்ற மாதிரி ஓர் உச்ச வரம்பும் வைக்கலாம். ஆனால் பட்டென்று விரட்டும் அமைப்புகளை எல்லாம் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். சில போன்கள் கோபித்துக்கொண்டு இணையவே மறுக்கும்.

15. 1 ஜி.பி.பி.எஸ். லைன் இருக்கு. அப்புறமும் ஏன் இழுக்குது?

கேள்வி 3-இன் கணக்குப்படி உங்களுக்கு 500 எம்.பி.பி.எஸ். போதும், லைனில் குறை இல்லை. லைனின் முனையில் இருக்கும், இணைப்போடு இலவசமாக வந்த பெட்டியைப் பாருங்கள். ஒரு போன் நூறு தொடர்புகள் திறக்கும். 500 போன் என்றால் 50,000. வீட்டுக்காகச் செய்த பெட்டி இதில் பாதியிலேயே மூச்சுத் திணறும். சரியான கேட்வே கருவியும் (அரங்கின் வலையமைப்பை இணைய லைனோடு சேர்க்கும் பெட்டி), முடிந்தால் ஒன்றுக்கு மேல் பொது ஐ.பி.யும் வேண்டும்.

இன்னொன்று, வைஃபை கிடைத்ததும் போன்கள் உரிமையாளரைக் கேட்காமலே வேலை தொடங்கும்: போட்டோ பேக்கப், வாட்ஸ்அப் பேக்கப், ஆப் அப்டேட். ஆளுக்கு 2 அல்லது 3 எம்.பி.பி.எஸ். வரம்பு வையுங்கள். அப்லோடுக்கும் சேர்த்து.

16. மேடைல லைவ் டெமோ இருக்கு. அதுக்கு இந்த வைஃபையையே நம்பலாமா?

நம்பாதீர்கள். 2010 ஜூன் 7, சான் பிரான்சிஸ்கோ. ஐபோன் 4-ஐ அறிமுகப்படுத்திக்கொண்டிருந்த ஸ்டீவ் ஜாப்ஸின் போனில் இணையப் பக்கம் திறக்கவில்லை. அரங்கில் 570 வைஃபை நிலையங்கள் ஓடுகின்றன என்று சொல்லி, எல்லோரும் அணைத்துவிடுங்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று. அவற்றில் பெரும்பாலானவை பார்வையாளர்கள் பையில் கொண்டுவந்த சிறு ஹாட்ஸ்பாட்டுகள்.

மேடைக்கு ஒரு லேன் கேபிள் இழுங்கள். நேரலை ஒளிபரப்புக்கு இன்னொன்று. போனில்தான் காட்ட வேண்டும் என்றால் ஒரு சேனலைப் பொதுப் பட்டியலிலிருந்து எடுத்து, மேடைக்கு மட்டும் குறைந்த பவரில் தனி ஏ.பி. வையுங்கள்.

17. அப்படின்னா மத்தவங்க ஹாட்ஸ்பாட்டை நம்ம ஏ.பி.யாலயே துண்டிச்சுடலாமே? அந்த ஆப்ஷன் இருக்கே?

இருக்கிறது. தொடாதீர்கள். அமெரிக்காவின் நாஷ்வில்லில் மாரியட் நிறுவனம் நடத்திய ஒரு ஓட்டல், மாநாட்டுக்கு வந்தவர்களின் சொந்த ஹாட்ஸ்பாட்டுகளைத் துண்டித்தது. 2014-இல் அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 6 லட்சம் டாலர் வசூலித்தது. அந்த ஆப்ஷன் உங்கள் வலையமைப்பின் பெயரைத் திருடிப் போலி ஏ.பி. வைப்பவனுக்காக இருப்பது. ஹாட்ஸ்பாட்டைக் குறைக்க நல்ல வழி, உங்கள் வைஃபை வேலை செய்வதும், மேடையிலிருந்து ஒருமுறை கேட்டுக்கொள்வதும்தான். கண்காட்சி என்றால் ஸ்டால் ஒப்பந்தத்திலேயே “சொந்த ரவுட்டர் வேண்டாம், கேபிள் நாங்கள் தருகிறோம்” என்று எழுதிவிடுங்கள்.

18. பிளேஸ்மென்ட் டெஸ்ட். 300 லேப்டாப், ஒரே ஹால், ரெண்டு மணி நேரம். தைரியமா நடத்தலாமா?

கேபிள் போட முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் 8 ஏ.பி., ஓர் ஏ.பி.க்கு 40-க்குள். கேள்வி 4-இல் சொன்ன ஒன்பது தொல்லையில்லாச் சேனல்களுக்குள்ளேயே இது அடங்கும். ரேடார் பகுதியைத் தேர்வுக்குத் தொடவே வேண்டாம். ஏ.பி. தானாகச் சேனல் மாற்றும் வசதியைத் தேர்வு முடியும்வரை நிறுத்துங்கள். அது நல்ல எண்ணத்தில்தான் மாற்றும். அந்த நொடியில் 40 மாணவர்கள் துண்டிக்கப்படுவார்கள். லேப்டாப்களில் இந்த இணைப்பை ‘மீட்டர்டு’ (டேட்டா அளவு கட்டுப்பட்டது) என்று குறிக்கச் சொன்னால் விண்டோஸ் அப்டேட் பெரும்பாலும் அடங்கும்.

ஜெனரேட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கரன்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்கு ஆகும் சில நொடிகளில் ஏ.பி. அணைந்தால், மீண்டும் எழுந்து எல்லோரையும் சேர்க்கச் சில நிமிடங்கள் ஆகும். எல்லா ஏ.பி.க்கும் ஒரே பி.ஓ.இ. சுவிட்சிலிருந்து கேபிள் வழியே மின்சாரம் கொடுத்து, அந்தச் சுவிட்சையும் கேட்வேயையும் யு.பி.எஸ்.ஸில் போட்டால் தீர்ந்தது. கேபிள் நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. சுவிட்சின் மொத்த வாட் அளவையும் கூட்டிப் பாருங்கள், ஏ.பி.க்கு 30 வாட் கேட்கும் இடத்தில் 15.4 வாட் சுவிட்ச் இருந்தால் சில ஏ.பி.க்கள் ரேடியோவைப் பாதி அணைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் பச்சை விளக்கு காட்டும்.

19. வைஃபை 7 வாங்கிட்டா இந்தக் கவலையெல்லாம் போயிடுமா?

வைஃபை 6-இலேயே ஒரு நல்ல மாற்றம் வந்தது: ஒரே முறையில் சேனலைத் துண்டாக்கிப் பல போன்களுக்குச் சிறு சிறு செய்திகளை அனுப்பலாம். கூட்டத்துக்கு அது உதவும், போன்களும் வைஃபை 6 ஆக இருந்தால். அரங்கில் இருப்பதோ கலவை. இன்றைக்கு வாங்குவதானால் வைஃபை 6 தாராளம். 7-இன் முக்கியமான பெருமை அகலமான சேனல், அதை நாம் கேள்வி 5-லேயே வேண்டாம் என்றோம்.

உண்மையான விடிவு 6 கிகாஹெர்ட்ஸ், ஏனென்றால் அது புதுச் சேனல்களைத் தருகிறது. அதன் கீழ்ப்பகுதியில் 500 மெகாஹெர்ட்ஸைக் கட்டடத்துக்குள் குறைந்த சக்தியில் திறந்துவிடுவதற்கான வரைவு விதியை மத்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. ஆர்டர் போடும் நாளில் விதியின் நிலையையும், அந்த மாடலுக்கு இந்திய ஒப்புதல் இருக்கிறதா என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

20. எல்லாம் சரி. கைல இருக்கறது நாலு ஏ.பி.தான், நிகழ்ச்சி நாளைக்கு. என்ன பண்ணலாம்?

நான்கையும் இருக்கைகளுக்கு மேலே மாட்டி 36, 44, 149, 157 என்று கையால் சேனல் கொடுங்கள். அகலம் 20, பவர் நடுத்தரம், ஒரே பெயர், குறைந்தபட்ச வேகம் 12, சப்நெட் /21, குத்தகை ஒரு மணி நேரம், ஆளுக்கு 1 எம்.பி.பி.எஸ். 2.4 ஓர் ஏ.பி.யில் மட்டும். நாலு ஏ.பி. 200 பேருக்குத்தான் ஒழுங்காக வரும். ஆகவே பாஸ்வேர்டைத் திரையில் போடாமல், தேவைப்படுவோருக்கு மட்டும் பதிவு மேசையில் கொடுக்கச் சொல்லுங்கள். நிகழ்ச்சி நிரலைப் பி.டி.எஃப்.பாக எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்குவதற்குப் பதிலாக, அச்சடித்து நாற்காலியில் வைத்துவிடலாம்.